உங்களுக்குத் தெரியுமா? கல்லறைக்குள் காத்திருந்த வேலையாட்கள்

எகிப்து என்றால் பிரமிடு, மம்மி, துட்டன்காமனின் தங்க முகமூடி. அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் இவற்றைத் தேடித்தான் விரைகிறார்கள். போகிற வழியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசை வரிசையாக நிற்கும் சின்னச் சிலைகளைப் பெரும்பாலும் யாரும் நின்று பார்ப்பதில்லை. துணி சுற்றிய மம்மியைப் போன்ற உடல், மார்பின் குறுக்கே மடித்த கைகள், நேரே பார்க்கும் கண்கள். இவற்றின் பெயர் ஷப்தி. உஷப்தி என்றும் எழுதுவார்கள். பழைய எகிப்தியர் எதற்கு ஆசைப்பட்டார்கள், எதற்கு அஞ்சினார்கள் என்பதைத் தங்க முகமூடியைவிட இந்தச் சிலைகள்தான் தெளிவாகச் சொல்கின்றன என்பது என் எண்ணம். அதனால் இந்த முறை பகுதி முழுவதும் ஷப்திகளுக்கே.

● எகிப்தியரின் சொர்க்கம் ஒரு விவசாய பூமி. ஒசைரிஸ் என்ற தெய்வம் ஆளும் அந்த இடத்துக்கு நாணல் வயல் என்று பெயர். வாய்க்காலில் தண்ணீர் வற்றாது. பார்லியும் கோதுமையும் ஆள் உயரத்தைத் தாண்டி வளரும். பஞ்சம் இல்லை, பசி இல்லை. ஆனால் வேலை உண்டு. விளைய வேண்டுமென்றால் அங்கேயும் கொத்த வேண்டும், இறைக்க வேண்டும், அறுக்க வேண்டும். இறந்தவரை என்றாவது ஒரு நாள் பெயர் சொல்லி வேலைக்குக் கூப்பிடுவார்கள். அப்போது அவருக்குப் பதிலாக எழுந்து போகத்தான் ஷப்தி.

● செத்த பிறகும் வேலைக்குக் கூப்பிடுவார்கள் என்ற பயம் உயிரோடு இருந்தபோது பட்ட பாட்டிலிருந்து வந்தது. நைல் ஆண்டுதோறும் கரைபுரளும். வெள்ளம் வடிந்ததும் பார்த்தால் கரை உடைந்திருக்கும், வாய்க்கால் தூர்ந்திருக்கும், வரப்பு இருந்த இடம் தெரியாது. இதையெல்லாம் சரிசெய்ய அரசு ஊர் ஊராக ஆள் பிடித்தது. மலையில் கல் உடைக்கவும் கோயில் கட்டவும் அதே வழிதான். நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகத்தில் ஒரு பாப்பிரஸ் சுருள் இருக்கிறது. கி.மு. 1800ஐ ஒட்டிய காலத்துப் பதிவு. அரசாங்க வேலையிலிருந்து தப்பி ஓடியவர்களின் பட்டியல் அது. யார், யாருடைய பிள்ளை, என்ன குற்றம், என்ன உத்தரவு என்று வரிசையாக எழுதி வைத்திருக்கிறார்கள். வசதி உள்ளவர் தனக்குப் பதிலாக இன்னொருவரை அனுப்பிவிடுவார். இல்லாதவர் ஓடிப் பார்ப்பார், பிடிபடுவார். ஷப்தி என்பது வசதி உள்ளவரின் அந்தப் பழைய உபாயம்தான். அதையே மறுமைக்கும் எடுத்துப் போனார்கள்.

● ஷப்தியின் உடம்பைச் சுற்றி வரிவரியாக வெட்டியிருக்கும் எழுத்து அலங்காரம் அல்ல, வேலை உத்தரவு. முதலில் இது ‘சவப்பெட்டி வாசகங்கள்’ என்று இன்று அழைக்கப்படும் தொகுப்பில் 472ஆம் மந்திரமாக இருந்தது. பிறகு ‘இறந்தோர் நூல்’ தொகுப்பின் 6ஆம் அத்தியாயமானது. வயலைப் பண்படுத்தவோ, கரையோர நிலத்துக்குத் தண்ணீர் பாய்ச்சவோ, கிழக்கிலிருந்து மேற்குக்கு மணல் ஏற்றிச் செல்லவோ உடையவரைக் கூப்பிட்டால், அவர் வாய் திறப்பதற்கு முன்பே ஷப்தி முந்திக்கொண்டு தான் வந்திருப்பதாகக் குரல் கொடுக்க வேண்டும். சாரம் இவ்வளவுதான். மந்திரத்தில் மோட்சம் பற்றியோ ஞானம் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. மண்வேலை, நீர்வேலை, மணல்வேலை என்று மூன்றே வேலைகள். எகிப்திய உழவனின் முதுகை ஒடித்த மூன்றும் அவை. பாலைவனத்தை ஒட்டிய வயலில் மணல் ஏறிக்கொண்டே இருக்கும். அதை அள்ளிக் கொட்டுவதையே மணல் ஏற்றுதல் என்ற வரி குறிக்கிறது என்று பல அறிஞர்கள் விளக்குகிறார்கள்.

● அரசன் உயிரோடு இருக்கும்வரை மண்வெட்டியைத் தொட மாட்டான். ஆனாலும் அவனுக்கும் ஷப்தி உண்டு. கிடைத்தவற்றில் மிகப் பழைய அரச ஷப்தி முதலாம் அஹ்மோஸ் உடையது. கி.மு. 1550 வாக்கில் ஹிக்சோஸ் என்ற வெளியாரைத் துரத்திவிட்டு எகிப்தின் 18ஆம் வம்சத்தைத் தொடங்கிய மன்னன் அவன். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது அந்தச் சுண்ணாம்புக்கல் சிலை. தலையில் அரசருக்கே உரிய மடிப்புத் துணி, நெற்றியில் படமெடுத்த நாகம். அதற்குக் கீழே உடம்பில், வயலுக்குக் கூப்பிட்டால் போ என்கிற அதே உத்தரவு. போரில் நாட்டை மீட்டவனும் நாணல் வயலில் ஒரு குடியானவனாகத்தான் தன்னைப் பார்த்திருக்கிறான்.

● முதல் ஷப்திகளில் சில மெழுகில் செய்தவை. கி.மு. 2000க்குச் சற்று முன், இரண்டாம் மெந்துஹோதெப் மன்னனின் அரசியர் அடக்கமான தெய்ர் எல்-பஹ்ரியில் கிடைத்தன. ஆடையில்லாத குட்டி உருவம், சுற்றிலும் மெல்லிய துணி, அதை வைக்க உள்ளங்கை அகலத்தில் ஒரு சவப்பெட்டி. அந்தக் காலத்தில் இவற்றை வேலையாட்களாக மட்டும் நினைக்கவில்லை. மம்மி அழிந்துபோனால் உயிர் வந்து தங்க இன்னொரு உடலாகவும் இருக்கட்டும் என்று வைத்திருக்கிறார்கள்.

● “பழங்காலத்தில் அரசனோடு வேலைக்காரர்களைக் கொன்று புதைத்தார்கள், பிறகு மனம் மாறி அதற்குப் பதிலாகப் பொம்மை வைத்தார்கள்” என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். கேட்க நன்றாக இருக்கிறது. கால வரிசை ஒத்துவரவில்லை. அபிதோஸில் முதல் வம்சத்து ஜெர் மன்னனின் கல்லறையைச் சுற்றி 300க்கும் மேற்பட்ட துணைக் குழிகள் இருப்பது உண்மை. அந்த வழக்கம் முதல் வம்சத்தோடு ஓய்ந்துவிட்டது. ஷப்தி தலைகாட்டியது அதற்கு எட்டு நூற்றாண்டுகளுக்கும் பிறகு. இடைப்பட்ட காலத்தில் கல்லறைகளில் மாவு அரைக்கும் பெண், பீர் வடிக்கும் ஆள் என்று சுண்ணாம்புக்கல் சிலைகளை வைத்தார்கள். அவை வேலைக்காரரின் சிலைகள். ஷப்தியோ உடையவரின் பெயரையே தாங்கி, உடையவராகவே நிற்பது. இரண்டும் வேறு வேறு.

● கல்லறைக்குள் மட்டும்தான் ஷப்தி என்பதில்லை. 17ஆம் வம்சத்தில் தீப்ஸ் நகரில் ஒரு பழக்கம் இருந்தது. உறவுக்காரர்கள் ஆளுக்கொரு ஷப்தி கொண்டுவந்து, சின்னப் பெட்டியில் போட்டு, கல்லறையின் வெளிப்பகுதியில் வைத்துவிட்டுப் போவார்கள். விறகுக் குச்சியை இரண்டு மூன்று இடத்தில் செதுக்கிவிட்ட மாதிரி இருக்கும். முகம் என்று சொல்ல ஒரு கோணல் வெட்டு, உடம்பில் மையால் கிறுக்கிய பெயர். 1908இல் தெத்திக்கி என்பவரின் கல்லறையில் கார்னர்வன் பிரபுவும் தொல்லியலாளர் ஹோவர்ட் கார்ட்டரும் இப்படிப்பட்ட பல சிலைகளைக் கண்டெடுத்தார்கள். அரச ஷப்திகளின் நேர்த்தி இவற்றில் இல்லை. ஆனாலும் எனக்கு இவை மிகவும் பிடித்தவை. சிற்பியின் நேர்த்தி இல்லாமலே வீட்டார் தங்கள் பெயரை இறந்தவரின் அருகில் விட்டுவைக்க வழி கண்டிருக்கிறார்கள்.

● 18ஆம் வம்சத்தின் நடுவில் ஷப்தியின் கைக்குக் கருவிகள் வந்தன. ஒரு நல்ல கல் ஷப்தியை அருகில் வைத்துப் பார்த்தால் தெரியும். வலக்கையில் ஒரு மண்வெட்டி, இடக்கையில் இன்னொன்று. ஒன்று அகலத் தகடு, மற்றது கூர்முனை. ஒன்று மண்ணை இழுக்க, மற்றது கட்டியை உடைக்க. திருப்பிப் பார்த்தால் தோளிலிருந்து கயிற்றில் தொங்கும் ஒரு பை. விதை போட்டு வைக்க, மணல் அள்ளிப் போட. பையின் பின்னலைக்கூடக் குறுக்கு நெடுக்குக் கோடுகளாகக் கீறியிருப்பார்கள். சிலவற்றில் தோளில் காவடித் தண்டும் இரு பக்கமும் தண்ணீர்ப் பானையும். கல்லில் செதுக்குவதற்கு முன்பு இதே கருவிகளைச் செம்பிலும் மரத்திலும் குட்டியாகச் செய்து சிலைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். 1905இல் திறக்கப்பட்ட யூயா, துயூ தம்பதியின் கல்லறையில் அப்படிப்பட்ட கருவிகள் முழுசாகவே கிடைத்தன.

● துட்டன்காமனின் கல்லறையில் இருந்த ஷப்திகள் 413. ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஓர் ஆள் என்று 365. பத்து நாள் கொண்ட எகிப்திய வாரத்துக்கு ஒருவராக 36 கங்காணிகள். மாதத்துக்கு ஒருவராக 12 மேற்பார்வையாளர்கள். மரம், சுண்ணாம்புக்கல், அலபாஸ்டர், குவார்ட்சைட், கருங்கல், பளபளப்பான ஃபயான்ஸ் என்று எல்லாவற்றிலும் செய்திருக்கிறார்கள். இவற்றோடு 1,800க்கும் மேற்பட்ட குட்டிக் கருவிகள்.

அவற்றில் சில மரச்சிலைகள் மட்டும் தனி. ஐந்து சிலைகளைப் படைத்தலைவர் நக்த்மின்னும், ஒன்றைக் கருவூல அதிகாரி மாயாவும் காணிக்கையாகக் கொடுத்தார்கள். கொடுத்தவரின் பெயரைப் பார்வைக்குப் படும் இடத்தில் போடாமல் பாதத்துக்கு அடியில் எழுதியிருக்கிறார்கள். பத்தொன்பது வயதை ஒட்டி இறந்துபோன ஒரு பையனுக்கு, அவனிடம் வேலை பார்த்த இரண்டு பெரிய மனிதர்கள் செய்த கடைசி மரியாதை. 1922இல் கார்ட்டர் கதவைத் திறந்ததைப் பற்றி உலகம் பேசியது. இந்தப் பாதங்களைப் பற்றியும் பேசியிருக்க வேண்டும்.

● ஒசைரிஸை ஓரங்கட்டிய அரசன் அக்நாதன். ஆதன் என்ற சூரிய வட்டம் ஒன்றே தெய்வம் என்றான். மறுமை ராஜ்யத்தை ஆளும் ஒசைரிஸே இல்லையென்றால் அவன் வயலில் வேலை ஏது, ஷப்தி எதற்கு? ஆனாலும் அமர்னாவில் அவன் கல்லறையிலிருந்து 200க்கும் மேற்பட்ட ஷப்திகளின் உடைசல்கள் கிடைத்திருக்கின்றன. கருங்கல், குவார்ட்சைட், அலபாஸ்டர் என்று எல்லாமே நல்ல கல். முழுதாக ஒன்றும் இல்லை. அவற்றில் வேலை உத்தரவு கிடையாது, அரசனின் பெயரும் பட்டங்களும் மட்டுமே. தெய்வத்தை மாற்றியவனுக்கும் இந்தப் பழைய வழக்கத்தை விட மனம் வரவில்லை.

● அவன் மனைவி நெஃபர்திதியின் கல்லறை இன்றுவரை உறுதியாக அடையாளம் காணப்படவில்லை. அவளுடைய ஷப்தி ஒன்று இருக்கிறது, அதுவும் இரண்டு துண்டாக. ஒரு துண்டு பாரிஸ் லூவ்ரில், மற்றது புரூக்ளினில். நடுவில் அட்லாண்டிக் கடல். இரண்டிலும் உள்ள எழுத்தைச் சேர்த்துப் படித்தபோது அதில் அவளுக்குப் ‘பட்டத்தரசி’ என்ற பட்டம் இருப்பது தெரியவந்தது. கணவனுக்குப் பிறகு நெஃபர்திதி தானே அரசனாக முடிசூடினாளா, அரசியாகவே இறந்தாளா என்ற வாதத்தில் இந்தத் துண்டுகளை இரு தரப்பும் இன்னமும் எடுத்துப் பேசுகின்றன.

● கல் ஷப்தியைச் செய்த முறை கல்லுக்குக் கல் மாறும். சுண்ணாம்புக்கல்லைச் செம்பு உளியால் செதுக்கலாம். கருங்கல்லிடம் செம்பு பலிக்காது. டோலரைட் என்ற கடினமான கல் உருண்டையால் தட்டித் தட்டி உருவத்தைக் கொண்டுவந்து, குவார்ட்ஸ் மணலைப் போட்டு நாள்கணக்கில் தேய்ப்பார்கள். அலபாஸ்டர் என்று பொதுவாக அழைக்கப்படும் எகிப்தியக் கால்சைட்டுக்குப் பேர்போன இடம் ஹத்நூப். விளக்கு வெளிச்சத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும் கல் அது. 2018இல் அந்தச் சுரங்கத்தில், குஃபு மன்னன் காலத்துச் செங்குத்தான சரிவுப் பாதையொன்று, கம்பம் நட்ட குழிகளோடு வெளிப்பட்டது. கல்லைக் கயிறு கட்டி மேலே இழுத்த பாதை.

மாக்கல்லின் கதை வேறு. நகத்தால் கீறினாலே கோடு விழும் அளவுக்கு மென்மையான அந்தக் கல்லில் எழுத்தை எவ்வளவு நுணுக்கமாகவும் வெட்டலாம். வெட்டி முடித்துச் சூளையில் வைத்தால் கல்லின் தன்மையே மாறி இறுகிவிடும். கண்ணாடிப் பூச்சு கொடுத்துச் சுட்டால் பச்சையும் நீலமுமாக மின்னும். மென்மையாக இருக்கும்போது செதுக்கிக்கொண்டு, பிறகு கடினமாக்கிக்கொள்ளும் இந்தக் கைவேலை எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பைத் தருகிறது.

● நீல ஷப்திகள் களிமண் அல்ல. ஃபயான்ஸ் என்பது பொடித்த குவார்ட்ஸ் மணலோடு உப்பும் சுண்ணாம்பும் செம்புச் சேர்மமும் கலந்து சுடுவது. சுடும்போது செம்பு மேற்பரப்பில் நீலக் கண்ணாடியாகப் படியும். அச்சில் அமுக்கி எடுக்கலாம் என்பதால் ஒரே நாளில் நிறையச் செய்ய முடியும். கல் சிற்பியின் காலம் மெல்ல மங்க இதுவும் ஒரு காரணம்.

● அரச கல்லறைகளைக் குடைந்து ஓவியம் தீட்டிய கைவினைஞர்களின் ஊர் தெய்ர் எல்-மதீனா. அங்கே சென்னெஜெம் என்பவரின் குடும்பக் கல்லறை 1886இல் கொள்ளை போகாமல் அப்படியே கிடைத்தது. சுவரில் சென்னெஜெமும் மனைவி இயினெஃபெர்தியும் நாணல் வயலில் ஏர் ஓட்டுகிறார்கள், கதிர் அறுக்கிறார்கள். உடுத்தியிருப்பதோ சலவை செய்த வெள்ளை உடை. அதே கல்லறையில் பெட்டி பெட்டியாக ஷப்திகள். வண்ணம் பூசிய சுண்ணாம்புக்கல், கறுப்பு முடி, கையில் மண்வெட்டி. சுவர் ஓவியத்தில் தாங்களே உழைக்கிறார்கள், பெட்டிக்குள் பதில் ஆட்கள் தயாராக இருக்கிறார்கள். இது முரண் என்று அவர்களுக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை. வயல் வேலை செய்ய ஆசையும் உண்டு, கூப்பிட்டால் தப்பிக்க வழியும் வேண்டும். வேலை செய்து பிழைத்தவர்களுக்கு இது புரியும்.

● துட்டன்காமனுக்குப் பிறகும் எண்ணிக்கை ஏறியது. முதலாம் சேத்தி மன்னனின் கல்லறையில் 700க்கும் மேல். கி.மு. 1000ஐ ஒட்டி ஒரு கணக்கு நிலைத்தது: 365 வேலையாட்கள், அவர்களைப் பத்துப் பத்தாக நடத்த 36 கங்காணிகள், ஆக 401. கங்காணியை எளிதாகக் கண்டுபிடிக்கலாம். மம்மி உடல் கிடையாது. இடுப்பில் விறைப்பாக நிற்கும் முன் மடிப்பு வைத்த உடை, ஒரு கை தொங்கும், மற்றதில் சாட்டை.

ஒரு சிலை இருந்தபோது அது உடையவரின் சாயல். 401 ஆனபோது முகம் போய்விட்டது. எல்லாம் அடிமைகள், அவர்களை அடிக்க ஒருவன். எகிப்தின் மாற்றங்களில் இதைத்தான் நான் மிகத் துயரமானதாக நினைக்கிறேன்.

● 401 ஷப்திகளுக்கான விற்பனைச் சீட்டே நம் கைக்கு வந்திருக்கிறது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு பாப்பிரஸ். அமுன் கோயிலில் தாயத்து செய்கிறவர்களின் தலைவர், இறந்தவரின் மகனிடமிருந்து வெள்ளி பெற்றுக்கொண்டதாக எழுதிக் கொடுத்திருக்கிறார். 365 ஆட்கள், 36 தலைவர்கள் என்று கணக்கும் இருக்கிறது. பணம் வாங்கியாயிற்று, இனி நீங்கள் இவருக்காக வேலை செய்ய வேண்டும் என்று அதே சீட்டில் சிலைகளையும் பார்த்துப் பேசுகிறார்.

நெஸ்கோன்ஸ் என்ற பெண்ணின் விஷயத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். தீப்ஸ் தலைமைப் பூசாரி இரண்டாம் பினெஜெமின் மனைவி அவள். அமுன் தெய்வமே இட்ட ஆணை என்று இரண்டு மரப்பலகைகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒன்று லண்டனில், ஒன்று பாரிஸில். சிலை செய்தவர்களுக்குக் கூலி கொடுத்தாகிவிட்டது, அந்தக் கூலி சிலைகளுக்கும் சேர்த்துத்தான், ஆகவே அவை மறுக்காமல் உழைக்க வேண்டும் என்பது ஆணையின் கருத்து. கூலி கொடுக்காமல் சிலையைக்கூட வேலை வாங்க முடியாது என்று அவர்கள் கருதியிருக்கிறார்கள்.

● மாட்டுக்கும் ஷப்தி உண்டு. மெம்ஃபிஸில் ஆபிஸ் என்ற புனிதக் காளையை மம்மியாக்கி சக்காராவின் செராபியத்தில் அடக்கம் செய்வார்கள். அதற்குக் காளைத் தலையோடு ஷப்தி செய்து வைத்தார்கள்.

● இரண்டாம் ராம்சேஸின் மகன் கயெம்வாசெத் அந்தக் காளை அடக்கத்தைக் கவனித்துக்கொண்ட பூசாரி. தன்னுடைய ஷப்திகளையும் அங்கே புதைத்தான். அவனைப் பார்த்து மற்ற அதிகாரிகளும் அப்படியே செய்தார்கள். 1851இல் தொல்லியலாளர் மரியெத் அந்த நிலவறைகளைத் திறந்தபோது அவை வெளியே வந்தன. அவனுக்கும் முன்பே இப்படிச் செய்தவர் உண்டு. இரண்டாம் அமெனோதெப் மன்னனின் அரண்மனை அதிகாரி கெனாமூன் கல்லறை கட்டியது தீப்ஸில். அவர் பெயர் எழுதிய ஷப்திகள் கிடைத்ததோ 500 கிலோமீட்டர் வடக்கே கீசா பக்கத்தில். உடல் ஓரிடத்தில் இருந்தாலும் புண்ணிய பூமியில் நம் பெயர் கொஞ்சம் இருக்கட்டும் என்ற எண்ணம்.

● கல் ஷப்திகளின் உச்சம் எகிப்தில் இல்லை, சூடானில் இருக்கிறது. கி.மு. 690 முதல் 664 வரை எகிப்தையும் சேர்த்து ஆண்ட குஷ் நாட்டு அரசன் தஹார்க்கா. பைபிளிலும் பெயர் வருகிறது. அசீரியரோடு மோதினான், கி.மு. 671இல் மெம்ஃபிஸை இழந்தான். நைலின் நான்காம் பாய்ச்சலுக்கு அருகே நூரி என்ற இடத்தில், ஒரு பக்கம் சுமார் 52 மீட்டர் கொண்ட பிரமிடைக் கட்டிக்கொண்டான். அதனடியில் ஜார்ஜ் ரைஸ்னர் தலைமையிலான ஹார்வர்ட்-பாஸ்டன் குழு தோண்டியபோது கிடைத்த ஷப்திகள் 1,070. அத்தனையும் கல்.

கல்லே மூன்று விதம். கறுப்புக் கருங்கல், பச்சை சாய்ந்த அங்கரைட், வெளிர் கால்சைட். ஒரு சாண் உயரத்திலிருந்து இரண்டடி வரை. அச்சில் வார்க்க முடியாது, ஒவ்வொன்றையும் தனியாகச் செதுக்கியாக வேண்டும். ஆகவே ஒரு முகம் மாதிரி இன்னொன்று இல்லை. அகன்ற மூக்கு, தடித்த உதடு, கன்னத்தில் ஆழமான கோடு. அது தஹார்க்காவின் முகம், ஆப்பிரிக்க முகம். எகிப்தியக் கலைஞர்கள் அச்சுப் பொம்மைக்கு மாறிப் பல தலைமுறை ஆன பிறகு, தெற்கிலிருந்து வந்த ஓர் அரசன் பல நூற்றாண்டுப் பழைய முறையைத் தேடி எடுத்து, அதை ஆயிரம் மடங்கு பெரிதாக்கிவிட்டான். இரவல் வாங்கிய சடங்கு என்று இதைச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எகிப்தே மறந்துவிட்ட அக்கறையோடு அதைச் செய்தவன் அவன். இந்தச் சிலைகள் பாஸ்டன், லண்டன், கார்ட்டூம் என்று பிரிந்துபோயின. 2023இல் தொடங்கிய உள்நாட்டுப் போரில் கார்ட்டூமின் தேசிய அருங்காட்சியகம் சூறையாடப்பட்டது. குஷ் வரலாற்றுக்கு அதைவிடப் பெரிய இழப்பு நம் காலத்தில் இல்லை.

● நூரியில் நிலத்தடி நீர் ஏறிவிட்டது. அதனால் 2019இல் பியர்ஸ் பால் கிரீஸ்மன் தலைமையில் தொல்லியலாளர்கள் மூச்சுக் குழாய் மாட்டிக்கொண்டு நாஸ்தாசென் மன்னனின் பிரமிடுக்கு அடியில் மூழ்கினார்கள். கி.மு. 4ஆம் நூற்றாண்டு அரசன். இருட்டில், சேற்று நீரில், கையால் தடவித்தான் வேலை. தங்கத் தகடுகளும் ஷப்திகளும் அகப்பட்டன.

● தண்ணீருக்கு அடியில் ஷப்தி தேடிய முதல் ஆள் கிரீஸ்மன் அல்ல. 1888, 89இல் ஹவாராவில் தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி, ஹோருஜா என்ற பூசாரியின் கல்லறையில் இறங்கினார். அறை முழுக்க உவர்நீர். கடைசியில் வெளியே வந்த ஃபயான்ஸ் ஷப்திகள் 399. பிற்காலத்து வேலைப்பாட்டில் இவற்றுக்கு இணை அதிகமில்லை. இன்று பல நாட்டு அருங்காட்சியகங்களில் ஹோருஜா ஒருவரேனும் நிற்கிறார்.

● இரண்டாம் ராம்சேஸ் உட்பட நாற்பதுக்கும் மேற்பட்ட மம்மிகள் ஒரே குழியில் கிடைத்த 1881ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பு, திருட்டுச் சந்தையிலிருந்து தொடங்கியது. 1870களில் 21ஆம் வம்சத்துப் பாப்பிரஸ்களும் அடர் நீல ஷப்திகளும் விற்பனைக்கு வரத் தொடங்கின. ஒரே குடும்பத்தின் பெயர்கள் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்த எகிப்தியலாளர் காஸ்தோன் மஸ்பெரோ, எங்கோ ஒரு பெரிய கல்லறை திறக்கப்பட்டிருக்கிறது என்று ஊகித்தார். விசாரணை குர்னா கிராமத்து அப்தல் ரசூல் சகோதரர்களிடம் போய் நின்றது.

● 2013இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் அருங்காட்சியகத்தில் ஒரு சிலை கண்ணாடிப் பெட்டிக்குள் தானாகத் திரும்புகிறது என்று காணொலி பரவியது. பல செய்திகள் அதை ஷப்தி என்றன. அது நெப்-செனு என்பவரின் கல் சிலை. சுமார் 25 சென்டிமீட்டர் உயரம். காணிக்கை பெறுவதற்காக வைத்தது, ஷப்தி அல்ல. தெரு வாகனங்களும் பார்வையாளர் நடையும் தரும் அதிர்வே காரணம் என்று அளந்து காட்டினார்கள். அடிப்பக்கம் கொஞ்சம் குவிந்திருந்ததால் கண்ணாடித் தட்டில் மெல்லச் சுழன்றது.

● பெயர் எழுத இடம் விட்டு, கடைசிவரை எழுதப்படாத ஷப்திகள் நிறைய உண்டு. பட்டறையில் மொத்தமாகச் செய்து வைத்துவிடுவார்கள், வாங்குகிறவர் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். பெயர் இல்லாத ஷப்தி யாருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டதில்லை.

● எகிப்தை ஆண்ட தாலமி மன்னர்களின் ஆட்சி முடிவதற்குள் ஷப்தி வழக்கம் நின்றுபோனது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் நீடித்த ஒரு நம்பிக்கை.

● அடுத்த முறை எகிப்தியப் பகுதி உள்ள அருங்காட்சியகத்துக்குப் போனால், பெயர்ப் பலகையைப் படிக்கும் முன் ஷப்தியின் வயதை நீங்களே கணித்துப் பாருங்கள். கையில் கருவி இல்லை, செதுக்கல் உயர்தரம் என்றால் பெரும்பாலும் 18ஆம் வம்சத்தின் முற்பகுதி அல்லது அதற்கும் முன். மடிப்பு வைத்த சாதாரண உடையில் இருந்தால் பெரும்பாலும் 19, 20ஆம் வம்சம். பளிச்சென்ற நீலம், கறுப்பு மையில் எழுத்து, தலையைச் சுற்றி ஒரு பட்டை என்றால் 21ஆம் வம்சம். வெளிறிய பச்சை, தாடி, முதுகில் ஒரு தூண், காலடியில் பீடம் என்றால் 26ஆம் வம்சமோ அதற்குப் பிறகோ. பெட்டியின் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் முதுகுத் தூண் நன்றாகத் தெரியும்.